கதிர்வீச்சால் பழுதான கை நரம்புக்கு ஸ்டெம் செல் ஊசி: வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் வசிக்கிறோம். என் தாயாருக்கு வயது 58. பீடி சுற்றும் தொழில். 2013-இல் வலது மார்பில் புற்றுநோய் வந்து, மார்பையும் அக்குள் நெறிகட்டிகளையும் அகற்றினார்கள். பிறகு கீமோ மருந்தும், 25 நாள் கரண்டும் (கதிர்வீச்சு) வைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தார். இரண்டு ஆண்டுகளாக வலது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மரத்துக் கிடக்கின்றன; இப்போது இலை வெட்டும் கத்தரிக்கோலை அழுத்தவும் முடியவில்லை. மேல் கையில் தசை தானாகத் துடிக்கிறது. கரண்டு வைத்ததால் நரம்பு கெட்டுவிட்டது என்று ஒரு மருத்துவர் சொன்னார். ஒரு பெருநகரத் தனியார் மையம், இடுப்பெலும்பிலிருந்து ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) எடுத்து மூன்று முறை ஊசி போட்டால் மூன்று மாதத்தில் கை பழைய நிலைக்கு வரும் என்கிறது. ஆறு லட்ச ரூபாய் கேட்கிறார்கள். முன்பணமாக 25,000 கட்டிவிட்டோம். ‘வேலூர் சி.எம்.சி.யிலேயே (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஸ்டெம் செல் வைத்தியம் செய்கிறார்களே, பயப்படாதே’ என்று உறவினர்கள் சொல்கிறார்கள். வீட்டை அடமானம் வைத்துச் செய்யலாமா? அன்று கரண்டு வைத்ததில் தவறு நடந்திருக்குமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். மீதித் தொகையைக் கட்டவும் வேண்டாம். நீங்கள் நேரடியாகக் கேட்டிருப்பதால் விடையை முதலிலேயே எழுதிவிட்டேன். காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அந்த மையத்தார் மறுபடியும் தொலைபேசியில் அழைப்பார்கள். அப்போது அவர்கள் எடுத்துவைக்கும் வாதங்களுக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என்னை உறுத்தியது, உங்கள் தாயாருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ, நரம்பு மின் சைகையை எப்படிக் கடத்துகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனையோ எடுத்ததாக அதில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவருக்குப் பல ஆண்டுகள் கழித்து அதே பக்கத்துக் கை மரத்துப்போனால், அந்தப் புற்றுநோய் அக்குளிலோ காறை எலும்புக்குப் பின்னாலோ திரும்ப வந்து நரம்பை நெருக்குகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கழுத்துத் தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஐந்து நரம்பு வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் காறை எலும்புக்கு அடியில் நுழைந்து, அக்குள் வழியாகக் கைக்கு இறங்குகின்றன. இதைத் தோள் நரம்புப் பின்னல் என்கிறோம். மார்பகப் புற்றுநோய் பரவும் நெறிகட்டிகளும் இதே பாதையில்தான் இருக்கின்றன. பொதுவாக, கட்டி நெருக்கும்போது தொடக்கத்திலேயே தோளிலும் கையிலும் கடும் வலி இருக்கும். சிலருக்கு அதே பக்கத்துக் கண்ணிமை சற்றுத் தாழ்ந்து கருவிழிப் பாப்பாவும் சுருங்கியிருக்கும். கதிர்வீச்சுப் பாதிப்பு பெரும்பாலும் வலியைவிட மரப்பும் வலுக்குறைவுமாகத் தொடங்கி, மெல்ல மெல்ல வளரும். நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டாவது வகையை ஒத்திருக்கிறது. ஆனால் இந்த அடையாளங்களை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. தோள் நரம்புப் பின்னலுக்கென்றே எடுக்கும் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் உடம்பில் புற்றுநோய் எங்கிருக்கிறது என்று காட்டும் பெட்-சிடி ஸ்கேன், இவை இல்லாமல் எந்த நேர்மையான மருத்துவரும் அடுத்த அடி எடுத்து வைக்க மாட்டார். ஸ்கேன் அறிக்கையையே கேட்காமல் ஊசிக்கு நாள் குறிக்கும் மையத்தை நம்பாமலிருக்க அது ஒன்றே போதுமான காரணம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நோயாளியின் கோப்பில் ‘கதிர்வீச்சு’ என்ற சொல் இருந்துவிட்டால் பலரும் இதைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள். உங்கள் தாயார் எத்தனையோ ஆண்டுகளாகக் கத்தரிக்கோல் பிடித்து இலை வெட்டி, விரல் நுனியில் தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டிக்கொண்டிருப்பவர். மணிக்கட்டை மடக்கி மடக்கி ஒரே வேலையைச் செய்கிறவர்களுக்கு மணிக்கட்டுக்குள் ஓடும் நரம்பு நசுங்கிக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துப்போவது மிகச் சாதாரணம். இரவில் மரப்பு அதிகமாகித் தூக்கம் கலைந்து எழுந்து கையை உதறுகிறாரா என்று கேளுங்கள். அப்படியானால், நோயின் ஒரு பகுதியாவது மணிக்கட்டில் இருக்கக்கூடும். மணிக்கட்டுப் பட்டையோ சிறிய அறுவைச் சிகிச்சையோ அதைப் பெருமளவு சரிசெய்துவிடும். கதிர்வீச்சுப் பாதிப்பும் மணிக்கட்டு நசிவும் ஒரே கையில் சேர்ந்து இருப்பதும் உண்டு. கழுத்தெலும்புத் தேய்மானம், சர்க்கரை நோய், பி12 குறைவு, தைராய்டு ஆகியவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. நரம்பு எந்த இடத்தில் பழுதாகியிருக்கிறது என்பதைப் பிரித்துக் காட்டுவது நரம்புக் கடத்தல் பரிசோதனையும், மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தி மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் ஈ.எம்.ஜி.யும்தான். மேல் கைத் தசை தானாகத் துடிப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை ஈ.எம்.ஜி. கருவியில் பார்த்தால், மயோகைமியா என்று நாங்கள் அழைக்கும் ஒரு குறிப்பிட்ட மின் துடிப்பாகத் தெரியக்கூடும். அது தெரிந்தால் கட்டியைவிடக் கதிர்வீச்சுப் பாதிப்பின் பக்கமே எங்கள் கணிப்பு சாயும்.

இனி, கதிர்வீச்சுதான் காரணம் என்று உறுதியாகிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதாவது ஸ்டெம் செல் பயன்படுமா என்பதற்கு, அந்த நரம்புக்கு என்ன நேர்ந்தது என்று தெரிய வேண்டும். கதிர்வீச்சு நரம்பை அன்றே அறுத்துவிடுவதில்லை. நரம்புக்குச் சோறூட்டும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன; சுற்றிலும் உள்ள திசு தழும்பாகி இறுகி நரம்பை நெரிக்கிறது; நரம்பிழைகளின் மேலுறை சிதைகிறது; கடைசியில் இழைகளே மடிகின்றன. அதனால்தான் இது சிகிச்சை முடிந்து சில மாதங்களிலும் வரலாம், பத்து இருபது ஆண்டுகள் கழித்தும் வரலாம். அந்த இடத்தில் புதிய செல்லைக் கொண்டுபோய் விடுவது, தோல் தொழிற்சாலைக் கழிவு பல ஆண்டுகள் ஊறிய பாலாற்றங்கரை வயலில் நல்ல நாற்றை வாங்கி நடுவது போன்றது. ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கத்து விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாற்றின் தரம் எதுவாயினும், வேர் பிடிக்க மண்ணும் நீரும் இல்லை. அதிலும் எடுக்கப்போவது 58 வயதில், ஏற்கெனவே கீமோ மருந்தைக் கடந்து வந்த எலும்பு மஜ்ஜையின் செல்கள்.

‘மூன்று மாதம்’ என்ற வாக்குறுதியைச் சாதாரணக் கணக்கிலேயே சோதித்துப் பார்க்கலாம். அறுபட்ட நரம்பிழை ஆரோக்கியமான சூழலில் மீண்டும் வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று கொள்ளலாம். காறை எலும்பிலிருந்து உள்ளங்கைத் தசைக்கு அரை மீட்டருக்கும் மேலான தொலைவு. அந்த ஊசி மந்திரம் போல வேலை செய்தாலும், வளர்ந்து வரும் இழை கட்டைவிரலைத் தொட ஒன்றரை ஆண்டுக்கு மேலாகும். அதற்குள், ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு வரை நரம்புத் தொடர்பு அற்றுக் கிடந்த தசை பெரும்பாலும் நாராகிப்போய், நரம்பு வந்து சேர்ந்தாலும் இயங்காத நிலைக்குப் போய்விடும். ஆகவே மூன்று மாதத்தில் கை முழுவதுமாகத் திரும்பும் என்று சொல்பவர் நரம்பு வளரும் வேகத்தை மறந்துவிட்டார், அல்லது நீங்கள் அதை அறியமாட்டீர்கள் என்று நம்புகிறார்.

ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கதிர்வீச்சால் மூளையில் நரம்பு மேலுறை சிதைந்த எலிகளுக்கு, மனிதக் கருமூலச் செல்களிலிருந்து வளர்த்த மேலுறைச் செல்களைச் செலுத்தியபோது அவற்றின் நடத்தைக் குறைபாடுகள் சீரடைந்ததாக நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மைய ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டார்கள். பிரான்ஸில், விபத்தில் கடும் கதிர்வீச்சுக் காயம் பட்ட ஒருவருக்கு, அறுவைச் சிகிச்சையோடு மஜ்ஜை ஸ்டெம் செல்லும் சேர்த்துக் கொடுத்துப் புண் ஆறியதாக 2007-இல் செய்தி வந்தது. ஆனால் முன்னது எலியின் மூளை, பின்னது மனிதத் தோலும் சதையும். தோள் நரம்புப் பின்னலில் கதிர்வீச்சுப் பாதிப்புள்ள மனிதர்களுக்கு ஸ்டெம் செல் ஊசி பயன் தருகிறது என்று, மருந்து பெற்றவரையும் பெறாதவரையும் முறையாக ஒப்பிட்டு நிலைநாட்டிய ஆய்வு இல்லை. மையத்தார் அனுப்பும் காணொளியில் ஒருவர் கையைத் தூக்கிக் காட்டுவார். அவர் அந்த மூன்று மாதமும் பிசியோதெரபி செய்தாரா, அவருக்கு இருந்தது இதே நோய்தானா என்பதைக் காணொளி சொல்லாது.

உறவினர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர்கள் சொல்வது வேறு வைத்தியம். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற ரத்த நோய்களுக்கு, ரத்தத்தை உற்பத்தி செய்யும் ஸ்டெம் செல்லைக் கொடுத்து மஜ்ஜையைப் புதுப்பிக்கும் சிகிச்சை அது. ரத்தச் செல்லுக்குத் தாயான செல் ரத்தச் செல்லைப் பெற்றுத் தருவதில் வியப்பில்லை. பாகாயத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தின் துணையோடு, ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்லில் மரபணுவைச் சேர்த்துக் கொடுத்த முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். கவனியுங்கள்: ஐந்தே பேர், அனுமதி பெற்ற ஆய்வு, ஆண்டுக்கணக்கான கண்காணிப்பு. ஸ்டெம் செல் துறையில் உண்மையான வேலை இப்படித்தான் நடக்கும். உங்களை அழைத்த மையம் அந்தப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகளின்படி, ஏற்கப்பட்ட நோய்களுக்கு ரத்த ஸ்டெம் செல் மாற்று செய்வதைத் தவிர, மற்ற எல்லா ஸ்டெம் செல் பயன்பாடும் ஆராய்ச்சி என்றே கருதப்படும். அதை அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வாக மட்டுமே நடத்த வேண்டும்; நோயாளியிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது; விளம்பரமும் செய்யக் கூடாது. ஆய்வில் சேர்ந்தவருக்கு அதனால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் சொல்கின்றன. ஆகவே அவர்கள் அடுத்த முறை அழைக்கும்போது, ‘உங்கள் ஆய்வின் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண் என்ன, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது’ என்று கேளுங்கள். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எண் இருந்தால், எந்த நோய்க்குப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதையும் படித்துப் பாருங்கள். மூட்டுத் தேய்மானத்துக்குப் பதிந்த எண்ணை நரம்பு நோயாளிக்குக் காட்டுவதும் நடக்கக்கூடியதே. ஆய்வு என்றால் ஆறு லட்சம் எதற்கு என்ற கேள்விக்கு அவர்களிடம் நேரான பதில் இருக்காது.

‘பலிக்காவிட்டாலும் கெடுதல் இல்லையே, உங்கள் உடம்பு செல்தானே’ என்றும் சொல்வார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2015-இல், தங்கள் கொழுப்பிலிருந்தே எடுத்த செல்லைக் கண்ணுக்குள் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் கடுமையான பார்வை இழப்புக்கு ஆளானார்கள். பக்கவாதத்துக்காகப் பல நாடுகளில் தண்டுவட நீரில் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்குத் தண்டுவடத்திலேயே கட்டி வளர்ந்ததும், அது அவருடைய சொந்தச் செல் அல்ல என்று தெரிந்ததும் 2016-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கின்றன. உங்கள் தாயார் புற்றுநோயிலிருந்து மீண்டவர். வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கும் செல்களை, புற்றுநோய் இருந்த அதே இடத்துக்குப் பக்கத்தில், ஸ்கேன்கூட எடுக்காமல் செலுத்த நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். தழும்பு இறுகிய இடத்தில் ஊசியைச் செருகினால், மிச்சமிருக்கும் நரம்பிழைகளும் காயப்படலாம்.

அப்படியானால் வேறு என்னதான் செய்வது? மடிந்த நரம்பிழையைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து இன்று இல்லை. அழுத்த அறையில் ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001-இலும், பென்டாக்ஸிஃபிலின், வைட்டமின் ஈ, குளோட்ரோனேட் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020-இலும் ஏமாற்றத்தில்தான் முடிந்தன. ஆனால் இருக்கும் கையைக் காப்பாற்ற நிறையவே செய்யலாம், அதற்கு ஆறு லட்சம் தேவையில்லை. பிசியோதெரபியைத் தள்ளிப்போடாதீர்கள், தோள் மூட்டு இறுகாமலும் விரல்கள் மடங்கி நின்றுவிடாமலும் பார்த்துக்கொள்வதே அதன் முதல் வேலை. கட்டைவிரலைச் சரியான கோணத்தில் தாங்கும் பட்டை ஒன்றைத் தொழில்வழி சிகிச்சையாளர் செய்து கொடுப்பார்; கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாவிட்டாலும் சாப்பிடவும் புடவைக் கொசுவம் செருகவும் அது உதவும். வலியோ எரிச்சலோ இருந்தால் இரவில் அமிட்ரிப்டிலின் அல்லது பிரிகாபலின் போன்ற மருந்துகளைக் குறைந்த அளவில் மருத்துவர் தொடங்குவார். முதல் சில நாள்கள் தலை சுற்றும், அதற்காக நிறுத்திவிட வேண்டாம். கை வீங்கியிருந்தால் அது நெறிகட்டிகளை எடுத்ததால் வந்த நிணநீர் வீக்கமாக இருக்கலாம். அதற்குத் தனியே அழுத்தக் கட்டு உண்டு. மரத்த விரலுக்குச் சூடு தெரியாது என்பதால் அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கும் வேலையை இனி வேறு யாராவது செய்யட்டும். தண்ணீர்க் குடத்தையும் அந்தக் கையால் தூக்கக் கூடாது. எண்ணெய் போட்டுத் தோளை இழுத்துக் கட்டுபவர்களிடம் அழைத்துப் போக வேண்டாம். தழும்பில் சிக்கிய நரம்பு இழுவையைத் தாங்காது. தழும்பைப் பிரித்து நரம்பை விடுவிக்கிறோம் என்று யாராவது அறுவை பேசினாலும் அவசரப்பட வேண்டாம். ஏற்கெனவே நலிந்த ரத்த ஓட்டம் அதனால் இன்னும் கெட்டுக் கை மோசமாகலாம்.

இவற்றுக்கெல்லாம் வேலூரைத் தாண்ட வேண்டியதில்லை. சி.எம்.சி.யிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பரிசோதனைக்கு அது பொருந்தும் என்பதைக் காப்பீட்டுப் பிரிவிலேயே கேட்டுக்கொள்ளலாம். தினமும் பேருந்தில் அலைய முடியாவிட்டால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி உதவியைப் பெற உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். கையின் குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் மதிப்பிடப்பட்டால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அவருக்குத் தகுதி உண்டு. பீடிக் கூலி நின்றுபோன வீட்டுக்கு அது சிறிய விஷயமல்ல.

தவறு நடந்ததா என்ற உங்கள் கேள்விக்கு, ஆவணத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. 25 நாள் என்றால் மொத்தம் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சைப் பிரித்துக் கொடுத்திருக்கலாம். அது அக்காலத்தில் பரவலாக வழக்கிலிருந்த அளவு. ஒவ்வொரு தவணையிலும் பெரிய அளவு கொடுத்த பழைய நாள்களில்தான் இந்த நரம்புப் பாதிப்பு அதிகம் காணப்பட்டது. சரியான அளவிலும் மிகச் சிலருக்கு வரத்தான் செய்கிறது. அக்குள் நெறிகட்டிகளுக்கு நோய் பரவியிருந்தவர்களுக்குக் கதிர்வீச்சு கொடுக்காவிட்டால் புற்றுநோய் திரும்பும் வாய்ப்பு கூடும். உங்கள் தாயார் இத்தனை ஆண்டுகள் நன்றாக இருந்ததில் அந்த 25 நாளுக்கும் பங்கிருக்கலாம். சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலிருந்து கதிர்வீச்சுப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த இடத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள், காறை எலும்புப் பகுதியும் அதில் சேர்ந்ததா என்பது அதில் இருக்கும். நரம்பியல் மருத்துவருக்கு அது மிகவும் பயன்படும்.

கட்டிய 25,000 ரூபாயை எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள்; தொலைபேசியில் பேசிப் பயனில்லை. ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அவர்கள் அனுப்பிய காணொளி எதையும் அழிக்க வேண்டாம். தர மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். மையம் தமிழ்நாட்டில் இருந்தால், அது இருக்கும் மாவட்டத்தின் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநருக்கும், சிகிச்சை அளிக்க முன்வந்த மருத்துவர் பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும் புகார் அனுப்பலாம். பணம் வருவதற்கு நாளாகும். ஸ்கேனுக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் சீட்டு வாங்குங்கள். இடையில் கண்ணிமை தாழ்ந்தாலோ, தோளில் தூங்கவிடாத வலி தொடங்கினாலோ, கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ, குறித்த நாள்வரை பொறுக்காமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.